பூட்டுக்கும் குப்பைக்கும் நடுவே ஓர் ஆறு

அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்று பறவை பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். கொடைக்கானல் கேட்கவில்லை, குமரகம் கேட்கவில்லை. மந்தைவெளியில் குடியிருந்துகொண்டு, பொடிநடையாகப் போகிற தூரத்தில் இருக்கிற ஆற்றைப் பார்க்க ஆசைப்படுகிறேன். அதற்கு இந்த ஊர் இரண்டே வழிதான் வைத்திருக்கிறது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று எப்போது திறப்பார்கள் என்று விசாரிக்கலாம். இல்லையென்றால் பூட்டே இல்லாத பக்கமாகப் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு, பீர் பாட்டில் சில்லு காலில் ஏறாமல் பார்த்துப் பார்த்து நடக்கலாம். இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கலாமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அடையாறு ஒன்றும் பெரிய ஆறு இல்லை. ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி, செம்பரம்பாக்கத்து உபரித் தண்ணீரை வாங்கிக்கொண்டு, திருநீர்மலை, மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று சுமார் 42 கிலோமீட்டர் வந்து சேருகிறது. ஆனால் கடைசி ரெண்டு கிலோமீட்டரில் அது செய்கிற காரியம் பெரிது. திரு.வி.க. பாலத்தைத் தாண்டியதும் ஆறு அகலமாகிறது. சேற்றுத் திட்டுகள் தலை காட்டுகின்றன. க்விபிள் தீவைச் சுற்றிக்கொண்டு ஒரு கிளை உள்ளே போகிறது. வடக்கே பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், தெற்கே ஊரூர் ஆல்காட் குப்பம், நடுவில் வாய் திறந்து கடல். உப்பும் நன்னீரும் கலக்கிற இந்தச் சேற்றில்தான் குளிர்காலத்தில் உள்ளான்கள் வந்து இறங்கும், சைபீரியப் பக்கத்திலிருந்து வருகிறவை உட்பட. நெடுங்கால் உள்ளான், சின்னக் கொக்கு, கூழைக்கடா, கருப்பு வெள்ளை மீன்கொத்தி, மேலே வட்டமிடும் செம்பருந்து. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-இல் தொடங்கிய ஊர் இது. மா. கிருஷ்ணன் மயிலாப்பூரில் இருந்துகொண்டு காடும் பறவையும் எழுதிய ஊர். பறவை பார்ப்பது நமக்கு நேற்று முளைத்த நாகரிகம் இல்லை.

தெற்குக் கரையில் பெரும்பகுதி தியசாபிகல் சொசைட்டி வளாகம். 1882-இல் வாங்கிய தோட்டம் இன்று ஏறக்குறைய 260 ஏக்கர். மதில், கேட், குறித்த நேரம், குறித்த விதி. வடக்கே, கிளையை ஒட்டி, தொல்காப்பியப் பூங்கா, 58 ஏக்கர். கட்டட இடிபாடும் கழிவுநீரும் கிடந்த இடத்தைத் தோண்டி, தண்ணீரை உள்ளே விட்டு, அலையாத்தியும் நாட்டு மரங்களும் நட்டு, 2011 ஜனவரியில் திறந்து வைத்தார்கள். உண்மையிலேயே பெரிய வேலை. குப்பைமேடாக இருந்த இடம் அது என்று இப்போது சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஆனால் பேர்தான் திறப்பு. பல வருஷத்துக்கு அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து காட்டுகிற இடமாகவும், முன்கூட்டிப் பதிவு செய்தவர்கள் வழிகாட்டியோடு சுற்றுகிற இடமாகவும்தான் இருந்தது. வரி கட்டுகிற நாம் பக்கத்துச் சாலையில் பஸ்ஸில் போகும்போது கம்பிவேலிக்கு அப்பால் பச்சையாக ஏதோ தெரிவதைப் பார்த்துக்கொண்டே போவோம். 2025-இல் புதுப்பித்துத் திறந்த பிறகு பொதுமக்கள் உள்ளே போகும் வழி கூடியிருக்கிறது. நல்லது. இன்னும் கூடட்டும்.

கேட் என்றால் என்ன என்பதை நான் வேறொரு காப்பிடத்தில் கற்றேன். ஊரும் பேரும் வேண்டாம். அதுவும் நகரத்துக்குள் ஆற்றை ஒட்டிய இடம்தான். காலை ஒன்பதரைக்குத்தான் டிக்கெட் கவுண்டர் திறக்கும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். ஒன்பதரைக்குப் பறவைகள் எல்லாம் இரை தின்று முடித்து, வெயிலுக்கு மரத்துக்குள் போய் ஒடுங்கியிருக்கும். ஆபீஸ் நேரத்துக்குப் பறவை பார்க்கச் சொல்கிற ஞானம் எவருக்கு வந்ததோ. சரி, திறந்தார்கள். என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, கவுண்டரில் இருந்தவர் கேட்டார்.

"அது என்னா சார்?"

"பைனாகுலருங்க."

"போட்டோ எடுக்குமா?"

"எடுக்காதுங்க. தூரத்துல இருக்கிறதைப் பெருசா காட்டும். அவ்வளவுதான்."

அவர் விலைப்பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழ் பார்த்தார். ஸ்டில் கேமராவுக்கு ஒரு விலை, வீடியோ கேமராவுக்கு ஒரு விலை. பைனாகுலருக்கு இல்லை. பட்டியலில் இல்லாத ஒரு பொருளை உள்ளே விடுவது எப்படி என்று அவருக்குக் குழப்பம். "லென்ஸ் இருக்கு இல்ல? அப்ப கேமரா சார்ஜ் போட்டுக்கலாம்" என்று ஒரு முடிவுக்கு வந்தார். நான் வாதாடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பின்னால் வந்த நான்கு பையன்கள் ஆளுக்கொரு போனும் ஒரு செல்ஃபி குச்சியும் புளூடூத் ஸ்பீக்கரும் வைத்துக்கொண்டு, ஆள் டிக்கெட் மட்டும் வாங்கி உள்ளே போய்விட்டார்கள். ஸ்பீக்கர் வாசல் தாண்டும்போதே பாட ஆரம்பித்துவிட்டது. பறவை பார்க்கிற கருவிக்குக் காசு, பறவையை விரட்டுகிற கருவிக்கு இலவசம்.

உள்ளே போனால் சிமெண்டில் மான். சிமெண்டில் முதலை, வாயைப் பிளந்தபடி, உள்ளே பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுக்க வசதியாக. ஊர் பேரைப் பெரிய எழுத்தில் செய்து, நடுவில் சிவப்பு இதயம் வைத்து ஒரு மேடை. உண்மையான நாமக்கோழி ஒன்று அந்த மேடைக்குப் பின்னால் இருந்த குட்டையில் நீந்திக்கொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளை நாமம் பளிச்சென்று தெரிந்தது. மேடைக்கு முன்னால் க்யூ நின்றது, குட்டைப் பக்கம் ஈ காக்கை இல்லை. இப்படி இடங்களைக் கட்டுகிறவர்களை முழுக்கக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. எதற்குக் கூட்டம் வருகிறதோ அதைக் கட்டுகிறார்கள்.

இனி பூட்டில்லாத பக்கம். ஊரூர் ஆல்காட் குப்பத்தைத் தாண்டி வடக்கே நடந்தால் உடைந்த பாலம். மீனவர்கள் அந்தப் பக்கம் சாந்தோம் போய்வர 1967-இல் கட்டினார்கள், 1977-இல் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஆற்றுக்கு நடுவில் அப்படியே நின்று, சினிமாவில் வந்து பேர் வாங்கியது. இங்கே கேட் கிடையாது, டிக்கெட் கிடையாது, நேரம் கிடையாது. விடியற்காலையில் வரலாம். வந்து என்ன?

போன டிசம்பரில் தங்கை குடும்பம் திருச்சியிலிருந்து வந்திருந்தது. மால் வேண்டாம், ஆறு பார்க்கலாம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். தங்கை வீட்டுக்காரர் காவிரிக்கரைக்காரர். தண்ணீரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "என்ன மச்சான், இதையா பார்க்கணும்னு சொன்னீங்க?" என்றார். மருமகன் நேரடியாகவே கேட்டுவிட்டான்: "மாமா, இங்க ரைடு எதுவும் இல்லையா?" சேற்றைக் காட்டினேன். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கிற சின்ன நண்டுகள் வளை வாசலில் நின்று அந்தக் கொடுக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தன. ஆண் நண்டுதான் அப்படி ஆட்டும், பெட்டையைக் கூப்பிட, மற்ற ஆண்களை மிரட்ட. பையன் குந்தி உட்கார்ந்தான். ரைடை மறந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து ஒரு ட்ரோன் தலைக்கு மேலே வந்து ரீங்கரித்தது. பாலத்துக்கு முன்னால் ஒரு ஜோடி. கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு. பெண்ணின் தாவணி இருபதடி நீளத்துக்குப் பறக்க வேண்டும் என்று ஓர் ஆள் அதைப் பிடித்து உதறிக்கொண்டே இருந்தார். திட்டில் இரை பொறுக்கிக்கொண்டிருந்த உள்ளான் கூட்டம் ஒரே சமயத்தில் எழும்பிப் போனது. "சூப்பர், சூப்பர், பேர்ட்ஸ் ஷாட் கிடைச்சுது!" என்று கத்தினார் படமெடுக்கிறவர். திரும்ப இறங்கட்டும், இன்னொரு தடவை கிளப்பலாம் என்று கல்லும் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பப் போக வேண்டிய பறவைக்கு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சேர்த்து வைத்த கொழுப்பு கரைகிறது. நின்று தின்னத்தான் அது இங்கே வந்தது. இதை நான் போய்ச் சொன்னேன். ரொம்ப மரியாதையாகத்தான் பதில் வந்தது: "அங்கிள், அஞ்சே நிமிஷம், முடிச்சிடுவோம்." என் மருமகன் முன்னாலேயே அங்கிள் ஆனேன்.

நிஜமாகவே எரிச்சல் வந்தது அதற்குப் பிறகுதான். கரையோரம் அலையாத்திச் செடிகள் கொஞ்சம் நிற்கின்றன. சேற்றில் காற்று இல்லை என்பதால் அந்த மரம் தன் வேரைச் சேற்றுக்கு மேலே, பென்சில் நட்டு வைத்தமாதிரி, வரிசையாக நீட்டி மூச்சு விடும். அந்த ஒவ்வொரு வேரிலும் ஒரு பால் கவர். சில வேர்களில் தொப்பி போட்டாற்போல் கச்சிதமாகக் கவிழ்ந்திருந்தது. ஒன்றைக் கழற்றினேன். உள்ளே கருப்புச் சேறு, வேர்நுனி வெளுத்துப் போயிருந்தது. இன்னொன்றைக் கழற்றினேன். எத்தனை கழற்ற முடியும்? 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை. அதில் பால் கவருக்கு விலக்கு. பால் வேறு எதில் வரும், விலக்கு வேண்டியதுதான். ஆனால் கத்தரித்த கவரைக் கழுவி மடித்து எடைக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது அதை வாங்கக் கடைக்காரரும் தயாராக இல்லை, கழுவ நமக்கும் பொழுதில்லை.

இந்தக் குப்பையை அங்கே வருகிறவர்கள் மட்டும் போட்டார்கள் என்று சொன்னால் அது அநியாயம். வருகிறவர்கள் போடுவது சிப்ஸ் பொட்டலமும் பாட்டிலும். பால் கவரும் டயாப்பரும் கிழிந்த மெத்தையும் ஆற்றோடு வந்தவை. மேலே நதியோரம் இருக்கிற எல்லாப் பேட்டையும் தன் கழிவை ஆற்றில் இறக்கி, "கடலுக்குப் போயிடும்" என்று கையைத் தட்டிவிட்டுக்கொள்கிறது. அது கடலுக்கும் போவதில்லை. இந்தக் கரையோரத்தில் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். மழை நின்று ஆற்றில் வேகம் குறைந்ததும் அந்த மணல் முகத்துவாரத்தில் சேர்ந்து வாயை அடைத்துவிடும். அப்புறம் அலையேற்றம் உள்ளே வராது, கழிவு வெளியே போகாது. தண்ணீர் தேங்கிக் கருத்து, சில வருஷங்களில் மீன் செத்து மிதக்கும். பொக்லைன் கொண்டு வந்து மணலைத் தோண்டி வாயைத் திறப்பார்கள். கடல் மறுபடி மூடும்.

ஆற்றங்கரையில் உயர உயரமாக அடுக்குமாடி எழுந்திருக்கிறது. விளம்பரத்தில் 'ரிவர் வியூ' என்று போட்டு அதற்காகவே கூடுதல் விலை. கோடிக்கணக்கில் கொடுத்து ஆற்றுப் பார்வையை வாங்கியவர்கள், நாற்றத்துக்குப் பயந்து அந்தப் பக்கத்து ஜன்னலை நிரந்தரமாகச் சாத்தி ஏசி போட்டுக்கொள்கிறார்கள். தனி ஆதங்கம் இது, விடுங்கள்.

வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் கொஞ்ச நேரம் பேசினேன். குப்பத்துக்காரர். "முன்ன மாதிரி மடவை இல்ல சார். வலையைத் தூக்கினா மீனைவிடக் கழிசடைதான் ஜாஸ்தி. அதை எடுத்துட்டு வலையைத் தைக்கவே பாதி நாள் போயிடுது" என்றார். ட்ரோன் கூட்டத்தைக் காட்டி, "தினம் வராங்களா?" என்றேன். "டெய்லி. பாலத்தைப் பார்க்கறாங்க, போனைப் பார்க்கறாங்க, போறாங்க. ஆத்தை எவனும் பார்க்கல. வெள்ளம் வந்தாத்தான் பார்ப்பாங்க" என்றார். 2015 டிசம்பரில் ஊரே அடையாற்றைப் பார்த்தது நிஜம்தான். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மாடியேறி நின்று பார்த்தன. தண்ணீர் வடிந்ததும் பார்ப்பதை நிறுத்திக்கொண்டோம்.

என் தொல்லை என்னவென்றால், உடைந்த பாலத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் எனக்கு அந்த மதில்மேல் மதிப்பு வந்துவிடுகிறது. தெற்கே பாருங்கள், மதிலுக்கு உள்ளே காடு நிற்கிறது. கேட்டும் காவலும் இருந்ததால் நிற்கிறது. கிளைக்கரையில் பாருங்கள், வேலிக்குள் அலையாத்தி தழைக்கிறது. பால் கவரைக் கழற்றிய கையோடு யோசித்தால், "மொத்தத்தையும் பூட்டுங்கப்பா, எவனையும் விடாதீங்க, என்னையும் சேர்த்து" என்று கத்தத் தோன்றுகிறது. அடுத்த வாரம் ஏதாவது ஒரு கேட்டுக்கு முன்னால் ஒன்பதரை மணிக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்போது, "யார் வீட்டு ஆறுய்யா இது, திறங்கய்யா" என்று அதே வாய் கத்துகிறது. என்னையே எனக்குச் சகிக்கவில்லை.

பூட்டாமலும் ஒன்றைக் காக்கலாம் என்பதற்குச் சென்னையிலிருந்து ரெண்டு மணி நேரத்தில் சாட்சி இருக்கிறது. வேடந்தாங்கல். அந்த ஊர்க்காரர்கள் பறவையைக் காத்தது சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது. பறவை போனால் விளைச்சல் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். சுடாதே என்று கேட்டு அவர்கள் 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள். தீபாவளிக்கு வெடி வைப்பதையும் விட்டுக்கொடுத்தார்கள். அங்கே ஊரும் பறவையும் ஒரே கணக்கில் வாழ்ந்தன. அடையாற்றோடு நமக்கு என்ன கணக்கு இருக்கிறது? மீன் பிடிக்கிற குப்பத்துக்கு இருக்கிறது, அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. மற்றவர்களுக்குக் குடிக்க அதன் தண்ணீர் வேண்டாம், பாய்ச்ச வேண்டாம். எட்டிப் பார்க்க மட்டும்தான் வேண்டும். அந்த எட்டிப் பார்ப்பதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் கேட்பது கஜானாவைக் காலி செய்கிற திட்டம் இல்லை. காப்பிடம் எதுவானாலும் விடியற்காலை ஐந்தரைக்குத் திற, எட்டரைக்கு மூடு. பகலில் வேண்டுமானால் பூட்டிக்கொள், பறவையும் அதைத்தான் விரும்பும். சேற்றுத் திட்டுக்கு எதிரே ஓலைத் தட்டியில் ஒரு மறைப்பு, அதில் கண் வைக்க நாலு ஓட்டை. ஸ்பீக்கருக்கும் ட்ரோனுக்கும் அபராதம். அதை வசூலிக்க ஓர் ஆள், முடிந்தால் குப்பத்திலிருந்தே, ஏனென்றால் எந்தப் பறவை எப்போது வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறை. பெண்கள் ஏன் இந்த இடங்களுக்கு வருவதில்லை என்று கேட்பவர்கள் முதலில் அதைத் தேடிப் பார்க்கட்டும், என் தங்கை தேடினாள். சிமெண்ட் முதலைக்கு ஆகிற செலவில் இதில் பாதி நடந்துவிடும்.

அலையாத்தியில் மாட்டிய குப்பைக்கு என்ன செய்வது என்று போன மாதம் புகார் சொல்லிப் பார்த்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், ஒன்று இல்லை, பல. முதலில் எடுத்தவர், "கரையில் இருக்கா, தண்ணியில் இருக்கா சார்?" என்றார். ரெண்டுக்கும் நடுவில் சேற்றில் இருக்கிறது என்றேன். சேறு தங்களுடையது இல்லை என்றார். தண்ணீரைப் பார்க்கிற அலுவலகம், செடியில் மாட்டியிருப்பதால் செடி நட்டவர்களைக் கேட்கச் சொன்னது. செடியைப் பார்க்கிற இடத்தில், நட்டதோடு தங்கள் வேலை முடிந்தது, குப்பை என்றால் குப்பைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். சுற்றி முதல் ஆளிடமே வந்து சேர்ந்தேன். அவர் பொறுமைசாலி. "ஒண்ணு பண்ணுங்க, லொகேஷன் அனுப்புங்க, ஆளை அனுப்பறேன்" என்றார். பாலத்தடியில் நின்று அனுப்பினேன். சிறிது நேரத்தில் போன் வந்தது.

"சார், நீங்க அனுப்பின இடம் மேப்புல ஆத்து நடுவுல காட்டுது. அங்க எங்க வண்டி வராது."

"அங்கதாங்க குப்பை இருக்கு."

"கரைக்குக் கொண்டாந்து போட்டுட்டுச் சொல்லுங்க சார், எடுத்துக்கறோம்."

புகார் முடித்து வைக்கப்பட்டதாக மறுநாள் குறுஞ்செய்தி வந்தது. சேவை எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடவும் என்று கேட்டிருந்தார்கள்.